சில்வர் ஓக் உச்சியில் நடந்த நாயகன்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றை கணினி விளையாட்டுகளை உருவாக்கும் ஆர்பிஜி மேக்கர் எம்இசட் மென்பொருளில் வரைபடமாக அமைத்தபோது, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் பின்னால் மறைந்து செல்ல வேண்டிய என் நாயகன், அதன் உச்சி இலைகளின்மீதே பாய்மேல் நடப்பதுபோல் நடந்து போனான். குறை ஓவியத்தில் என்று எண்ணி, சேலத்து வீட்டில் ஓர் இரவு முழுவதும் அதே மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தது வீண்வேலை.

வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள நான்கு அடுக்குகளில் மேலான 4ஆம் அடுக்கில் இலைகளை வைத்தால் அவை நாயகனை மறைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஆனால் அடுக்கு எண், ஒரு டைல் (வரைபடத்தை நிரப்பும் சதுரப் படத்துண்டு) மற்றொரு டைலுக்கு மேலா கீழா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. நாயகனுக்கு மேலே வர, மென்பொருளின் தரவுத்தளத்தில், டைல்களின் தொகுப்பான டைல்செட் பகுதியில் அந்த டைலுக்கு நட்சத்திரக் குறி இட்டிருக்க வேண்டும். எனவே அடிமரம் உள்ள 48க்கு 48 பிக்சல் கட்டத்திற்கு, வழியை அடைக்கும் பெருக்கல் குறியையும், இலைக் கட்டங்களுக்கு நட்சத்திரத்தையும் இட்டேன்.

நெருங்கி நின்ற இரு மரங்களில் ஒன்றின் கிளை மற்றதை வெட்டியதற்குத்தான் அடுக்குகள் உதவின: மென்பொருளே அடுக்கைத் தேர்ந்தெடுக்கும் தானியங்கி முறையை விட்டு, பின்மரத்தை 3ஆம் அடுக்கிலும் முன்மரத்தை 4ஆம் அடுக்கிலும் நானே வைத்தேன். புல்தரை 1ஆம் அடுக்கிலேயே கிடக்கிறது.