அணைக்கட்டு எட்டு, கடைசி இண்டெக்ஸ் ஏழு: லூப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமிரபரணியில் மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இந்தப் பெயர்களை இதே வரிசையில் ஓர் அரேயில், அதாவது உறுப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலில், போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக புரோகிராம் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் தடுமாறும் இடங்களை இதை வைத்தே காட்டிவிடலாம்.

சி, ஜாவா, பைத்தான் மூன்றிலும் இண்டெக்ஸ், அதாவது உறுப்பின் இட எண், 0-இல் தொடங்கும். கோடைமேலழகியான் 0, ஸ்ரீவைகுண்டம் 7. எட்டு என்பது எண்ணிக்கை மட்டுமே. இண்டெக்ஸ் 8-இல் அணைக்கட்டு கிடையாது. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். சி-யில் இண்டெக்ஸ் என்பது, அரே தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை உறுப்பு தள்ளி என்ற கணக்கு. முதல் உறுப்பு தள்ளியே இல்லை, அதனால் 0.

உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பை எழுதுகிறோம்; அதில் இண்டெக்ஸை வைத்திருப்பது 'ஐ'. அதிகம் நடக்கும் தவறு, லூப்பில் 'ஐ <= 8' என்று எழுதுவது. ஜாவாவும் பைத்தானும் எரர் காட்டி நிறுத்திவிடும். சி-யில் அந்த உத்தரவாதம் இல்லை. அரேக்கு அடுத்து நினைவகத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். இன்று ஓடிய புரோகிராம் நாளை நடுவில் நின்றும் போகலாம். "அவுட்புட்தான் வந்துட்டே" என்று விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. எரர் வந்தால் நல்லதென்றே நினையுங்கள்.

'ஐ <= 7' என்றால் விடை சரியாக வரும். ஆனாலும் 'ஐ < 8' என்றே பழகுங்கள். எத்தனை உறுப்பு என்பது அதில் நேராகத் தெரியும். கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982-இல் இதைத்தான் வாதிட்டார்: தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டு எழுதினால், முடிவில் தொடக்கத்தைக் கழித்தாலே எண்ணிக்கை கிடைக்கும். பைத்தானில் ரேஞ்ச்(8) என்றால் 0 முதல் 7 வரை வருவதும் இந்த முறையில்தான். 8 என்று கையால் எழுதாமல் அரேயின் நீளத்தையே கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

அடுத்தடுத்த இரண்டு அணைக்கட்டுகளை ஒப்பிடும்போதுதான் தேறியவர்களும் சறுக்குகிறார்கள். ஐ, ஐ+1 என்று இரண்டு உறுப்புகளை எடுக்கிறோம். ஐ 7 ஆனதும் ஐ+1 எட்டாகிவிடும். எட்டு அணைக்கட்டுக்கு நடுவே ஏழு இடைவெளிதான். ஆகவே 'ஐ < நீளம் - 1'. ஐ-1 எடுத்தால் லூப்பை 1-இல் தொடங்குங்கள். 0-இல் தொடங்கினால் பைத்தான் எரர் காட்டாது. -1 என்பது அதற்குக் கடைசி உறுப்பு. கோடைமேலழகியானுக்கு மேலே ஸ்ரீவைகுண்டம் இருப்பதாகக் கணக்கு வந்து நிற்கும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மேலே ஏறும் லூப் 7-இல் தொடங்கி, 'ஐ >= 0' வரை ஓட வேண்டும். '> 0' என்று போட்டால் கோடைமேலழகியான் விடுபட்டுப்போகும். சி-யில் அப்போது ஐ-யை அன்சைன்ட் (குறை எண் ஏற்காத வகை) ஆக அறிவிக்காதீர்கள்; அது 0-க்குக் கீழே இறங்காது, 'ஐ >= 0' எப்போதும் உண்மையாகவே இருக்கும். குறை எண்ணையும் ஏற்கும் சாதாரண இன்ட் போதும்.