அலோகங்களின் வேதிப் பண்புகள்: அடிக்கடி சறுக்கும் இடங்கள்

“அலோக ஆக்சைடுகள் அமிலத்தன்மை கொண்டவை” என்று படிக்கிறோம். எழுதும்போது அது “எல்லா அலோக ஆக்சைடுகளும்” என்று நீண்டுவிடுகிறது. நான் அதிகம் திருத்திய தவறு இதுதான். கார்பன் டைஆக்சைடுக்கும் சல்பர் டைஆக்சைடுக்கும் அந்த விதி பொருந்தும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு மூன்றும் நடுநிலை ஆக்சைடுகள். தண்ணீரே ஹைட்ரஜன் என்ற அலோகத்தின் ஆக்சைடுதானே!

லிட்மஸ் (அமிலம் பட்டால் நீலத்திலிருந்து சிவப்பாகும் தாள்) சோதனையில் இன்னொரு சறுக்கல். எரியும் கந்தகத்தைக் கரண்டியோடு வாயு ஜாடிக்குள் இறக்கினால் நீலச் சுடர் தெரியும், மூச்சை அடைக்கும் நெடி வரும். (புகைபோக்கி அறையில்தான் செய்ய வேண்டும்.) அந்த வாயுவில் நன்கு உலர்ந்த நீல லிட்மஸ் தாளை நீட்டினால் நிறம் மாறாது. அதே தாளை நீரில் நனைத்து நீட்டுங்கள், உடனே சிவக்கும். வாயு நீரில் கரைந்து அமிலமான பிறகுதான் லிட்மஸுக்கு வேலை. ஆகவே “ஈரமான” என்ற சொல்லை விடையில் விட்டுவிடாதீர்கள். உருவாவது சல்பியூரஸ் அமிலம். பலர் சல்பியூரிக் என்று எழுதிவிடுகிறார்கள். கந்தகம் காற்றில் எரிந்தால் கிடைப்பது பெரும்பாலும் டைஆக்சைடுதான். அதை டிரைஆக்சைடு ஆக்க, தொழிற்சாலையில் வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியும் சுமார் 450 டிகிரி செல்சியஸ் வெப்பமும் தேவைப்படுகின்றன.

குளோரினுக்கு “லிட்மஸ் சிவக்கும்” என்பது பாதி விடை. ஈரத் தாள் முதலில் சிவந்து, பிறகு வெளுத்துவிடும். நீருடன் சேர்ந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம்தான் வெளுக்க வைக்கிறது.

“அலோகங்கள் அமிலத்தோடு வினைபுரியாது” என்பதும் அரைகுறை. நீர்த்த அமிலத்திலிருந்து அவை ஹைட்ரஜனை வெளியேற்றுவதில்லை; அதற்கு ஹைட்ரஜன் அயனிக்கு எலக்ட்ரான் கொடுக்க வேண்டும், அலோகங்கள் கொடுக்கும் இனம் இல்லை. ஆனால் சூடான அடர் நைட்ரிக் அமிலத்தில் கரித்தூளைப் போட்டால் செம்பழுப்புப் புகை கிளம்பும். அமிலம் அங்கே ஆக்சிஜனேற்றியாக வேலை செய்து, கார்பனை கார்பன் டைஆக்சைடாகவும், கந்தகமாக இருந்தால் அதைச் சல்பியூரிக் அமிலமாகவும் மாற்றிவிடுகிறது.

எலக்ட்ரானை வாங்கி எதிர் அயனியாவது பெரும்பாலும் உலோகத்தோடு சேரும்போதுதான். இரண்டு அலோகங்கள் சேர்ந்தால் பங்கிட்டுக்கொள்ளும். கார்பன் டைஆக்சைடுக்கு அயனிப் படம் வரையாதீர்கள்.

ஹாலஜன் (மேலிருந்து கீழாக ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்) இடப்பெயர்ச்சியில், தனிம வரிசை அட்டவணையில் மேலே உள்ளது கீழே உள்ளதை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும்: பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரின் புரோமினை விடுவிக்கும், அயோடினால் முடியாது. இந்த வரிசையை நம்பி ஃபுளூரினையும் நீர்க்கரைசலில் எழுதிவிடுகிறார்கள். அது தண்ணீரையே தாக்கி ஆக்சிஜனை வெளியேற்றிவிடும்.

எலக்ட்ரான் கவர்திறன் (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) கூடினால் வினைபடுதிறனும் கூடும் என்று கணக்குப் போடுவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அந்தக் கவர்திறன் நைட்ரஜனுக்கு 3.04, பாஸ்பரஸுக்கு 2.19. ஆனால் நைட்ரஜன் சாதாரண வெப்பத்தில் சும்மா கிடக்கிறது, அதன் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். வெண்பாஸ்பரஸோ காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும். அதனால்தான் அதை நீருக்கடியில் வைக்கிறார்கள். சோடியத்துக்குத்தான் மண்ணெண்ணெய், நீரில் போட்டால் ஆபத்து.