முதல் ஆர்சி பிளேன் வாங்குவதற்கு முன்னால் காட்டைப் பாருங்கள்

ரிமோட் பிளேன் ஆசை வந்த சேலத்துக்காரர்கள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த மாடல் வாங்கலாம் என்றுதான். எங்கே பறக்கவிடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டு மொட்டை மாடி என்று பதில் வந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்வேன்.

நாலா பக்கமும் நூறு நூற்றைம்பது மீட்டருக்குத் தென்னை, கரண்ட் கம்பி, ரோடு எதுவும் இல்லாத இடம் வேண்டும். நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை: கோடையில் வற்றிப்போன ஏரி, குச்சிக்கிழங்கு பிடுங்கிய காடு (மரமடர்ந்த காடு இல்லை, மேட்டு நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம்). எனக்குப் பிடித்தது கிழங்குக் காடுதான், மண் பொலபொலவென்று கிடக்கும், மூக்கால் விழுந்தாலும் பிளேன் பிழைக்கும். ஏரியில் சீமைக்கருவேல முள் இருக்கிறது, பிளேனின் ஃபோம் உடம்பை விட உங்கள் செருப்புக்குத்தான் கேடு. காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அப்புறம் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் பச்சையா (விடலாம்), மஞ்சளா (அனுமதி வேண்டும்), சிவப்பா (தடை) என்று பாருங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் அந்தத் திசையை மறந்துவிடுவதே நல்லது. பச்சையில்கூட 400 அடிதான் உச்சவரம்பு, அந்த உயரத்தில் ஒரு மீட்டர் பிளேன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது, அதனால் 150 அடிக்கு மேல் ஏற்ற ஆசை வராது.

இடம் கிடைத்துவிட்டால் பிளேன் பாதி முடிவாகிவிடும். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்து, நுனிகள் லேசாக மேலே வளைந்து, ஒரு மீட்டரிலிருந்து 1.4 மீட்டர் வரை நீளமாக இருக்கிற ஃபோம் டிரெய்னர், அதாவது கற்றுக்கொள்கிறவர்களுக்கான பிளேன், வாங்குங்கள். அந்த வளைவால், ரிமோட்டில் இருக்கிற குச்சியை விட்டுவிட்டால் பிளேன் தானே நிமிரப் பார்க்கும். மோட்டார் இறக்கைக்குப் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது, மூக்கு குத்தும்போது ப்ராப், அதாவது சுழலும் விசிறி, தப்பிக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஸ்பிட்ஃபயர் மாதிரி போர் விமானத்தை முதல் பிளேனாக வாங்கியவர்கள் அதைப் பெரும்பாலும் பையில் அள்ளிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள். பொம்மைக் கடையில் வாலில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) இல்லாமல் இரண்டு குட்டி மோட்டாரோடு வருகிறதே, அதுவும் வேண்டாம், கொஞ்சம் காற்று அடித்தாலே இழுத்துக்கொண்டு போய்விடும்.

காசைக் கொட்டுவதென்றால் டிரான்ஸ்மிட்டரில், அதாவது கையில் பிடிக்கிற ரிமோட்டில் கொட்டுங்கள், பத்து பிளேன் உடைந்தாலும் அது கையில் இருக்கும். கற்றுத்தர ஆள் இருந்தால் அவர் எந்த மோடில் (எந்தக் குச்சி எதை இயக்கும் என்ற அமைப்பு) பறக்கவிடுகிறாரோ அதையே எடுங்கள். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு இரண்டு வாரம் பழகுங்கள், அங்கே உடைவதற்குச் செலவில்லை.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கறார். இந்த அளவு பிளேனுக்கு வழக்கமாக 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), கொள்ளளவு 2200 எம்ஏஎச், அதாவது 2.2 ஆம்பியர் மணி. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 11 நிமிடம் வரும், ஆனால் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தே இறக்க வேண்டும், அதனால் கொஞ்சம் கூடுதல் இடமும் விட்டு டைமரை 7 நிமிடத்தில் வையுங்கள். சார்ஜ் 2.2 ஆம்பியரில், செல்களைச் சமமாக ஏற்றுகிற பேலன்ஸ் ஒயரையும் மாட்டி, சிமெண்ட் தரையில், பக்கத்திலேயே உட்கார்ந்து. சில நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு தடவை என்று மாட்டாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள்.

பேட்டரி மாட்டியதும் பிளேனின் இரண்டு இறக்கைக்கும் அடியில் விரல் நுனி வைத்துத் தூக்கிப் பாருங்கள். இறக்கை அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் முன்விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டரில் சமமாக நிற்க வேண்டும், வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டர் ஆன், பிறகுதான் பிளேன் பேட்டரி, இறங்கியபின் இந்த வரிசை தலைகீழாக. பிளேனுக்குப் பின்னால் நின்று குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற தகடு) மேலே போக வேண்டும். ஒரு முறை சர்வோ (அந்தத் தகட்டை அசைக்கிற குட்டி மோட்டார்) மாற்றிவிட்டு இதைப் பார்க்காமல் பிளேனைக் கையால் எறிந்து கிளப்பினேன், மூன்று விநாடிதான், வரப்பில் போய்க் குத்திக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது.

எறிவது காற்றுக்கு எதிராக, மேல்நோக்கி இல்லை, நேர் மட்டமாக. ஏறியதும் பெரிய பெரிய வட்டமாகப் போடுங்கள். பிளேன் உங்களை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும், எல்லாரும் அங்கேதான் தடுமாறுவோம். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், முட்டுக் கொடுக்கிற மாதிரி. நிமிர்ந்துவிடும்.

நேரம் காலை ஆறு முதல் எட்டு. ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள், ஃபோம் எம்மாத்திரம், அந்த மாதம் சிமுலேட்டரோடு இருங்கள். எட்டரைக்கு மேல் தரை சூடாகி அனல் எழும்ப ஆரம்பிக்கும், பருந்துகளும் அதில் வட்டமிட வரும், பிளேனைப் போட்டிக்கு வந்த பறவை என்று நினைத்துப் பாய்வதும் உண்டு. எங்கள் காட்டருகே ஆடு மேய்க்கும் அய்யா ஒருவர் "தம்பி, காத்து மேக்கால திரும்பிருச்சு, எறக்கிரு" என்பார். நான் மண்ணைத் தூவிக் காற்றின் திசை பார்ப்பதற்குள் அவர் சொல்லி முடித்திருப்பார்.

ஏற்காட்டில் விடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஐம்பது தடவை சேலத்தில் இறக்கியபிறகு போங்கள். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாகவே மெலிந்திருக்கும், ப்ராப் அதே சுற்றுக்குக் குறைவாக இழுக்கும், வேகமாக எறிய வேண்டும், இறங்கும்போதும் வேகமாகவே வரும். சரிவில் மோதி மேலெழும் காற்றில் மோட்டாரை நிறுத்திவிட்டுக்கூட மிதக்கலாம், அது தனி சுகம். ஆனால் முகட்டின் பின்பக்கம் போனால் அதே காற்று சுருட்டிக் கீழே இழுக்கும். இறக்கச் சமநிலம் தேடிவைக்காமல் எறிந்தால் காப்பித் தோட்டத்துக்குள் போகும், சில்வர் ஓக் மர உச்சியில் மாட்டினால் மிளகு பறிக்கிற ஏணியைக் கடன் கேட்க வேண்டியிருக்கும்.

மூக்கு நசுங்கி வந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஈபிஓ ஃபோம் என்றால் மோட்டாரையும் ஒயர்களையும் கழற்றிவிட்டு, நசுங்கிய இடத்தில் கொதிக்கிற தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், மறுபடி உப்பி வரும். காய்ந்ததும் விரிசலுக்கு ஃபோம் பசை, அதன்மேல் பேக்கிங் டேப். அடுத்த ஞாயிறு எறிவதற்கு முன் பேலன்ஸை மறுபடி விரலில் வைத்துப் பாருங்கள், பசைக்கும் எடை உண்டு.