சிஜி பொருள் காட்சியில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பது ஏன்?

காம்போசிட்டிங், அதாவது கணினியில் உருவாக்கிய படத்தை (சிஜி) கேமராவில் எடுத்த காட்சியோடு இணைக்கும் வேலை, பழகுகிறவர்கள் தங்கள் ஷாட்டைக் காட்டும்போதெல்லாம் என் பழைய கோப்புகள்தான் நினைவுக்கு வருகின்றன. அதே தவறு, அதே சமாளிப்பு. நிழல் போட மறப்பது, வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து விழுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யார் கண்ணிலும் பட்டுவிடும்.

லென்ஸ் வளைவைக் கண்டுகொள்ளாதது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வைட் லென்ஸில் எடுத்த ஷாட் அது. கேமரா இடமிருந்து வலமாகத் திரும்பும். தரையில் நான் ஒரு பெட்டியை வைக்க வேண்டும். ஃபிரேமின் நடுவில் பெட்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. ஓரத்தை நெருங்கியதும் மெல்ல வழுக்கியது. டிராக்தான் (கேமராவின் அசைவைக் கணக்கிட்டு எடுப்பது) சரியில்லை என்று மூன்று இரவுகள் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் நகர்த்தினேன். வழுக்கல் போய் நடுக்கம் வந்தது.

உண்மையான லென்ஸ் ஓரங்களில் நேர்கோட்டை வளைக்கிறது. 3டி மென்பொருளின் கேமரா வளைப்பதில்லை. இரண்டும் நடுவில் ஒத்துப்போகும், ஓரத்தில் பிரியும். பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தால் மறுமூலை விலகத்தான் செய்யும்.

முதலில் பிளேட்டின் (கேமராவில் எடுத்த அசல் படம்) வளைவை நீக்கி, அதில் டிராக் செய்யுங்கள். சிஜியை ஓவர்ஸ்கேன் வைத்து, ஃபிரேமைவிடச் சற்றுப் பெரிதாக ரெண்டர் செய்யுங்கள். இல்லாவிட்டால் திரும்ப வளைக்கும்போது ஓரத்தில் படம் போதாது. அப்புறம் அதே வளைவை சிஜிக்குக் கொடுத்து, கை படாத அசல் பிளேட்டின் மேல் வையுங்கள். சிலர் பிளேட்டையே நேராக்கி மறுபடி வளைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். படம் மழுங்குகிறது, கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) குழைகிறது. ஐயோ, வேண்டாம்.

படப்பிடிப்பிலேயே ஒவ்வொரு லென்ஸிலும் கட்டம் போட்ட அட்டையைப் படம்பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் பல ஃபோகல் லெங்த்களில் வேண்டும். கேமராவின் ஸ்டெபிலைசேஷனையும் அணைக்கச் சொல்லுங்கள். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் படத்தை நகர்த்தினால் வளைவின் மையமே இடம் மாறிவிடும்.

கறுப்பு

பிளேட்டின் ஆழமான நிழலில்கூடத் தூய கறுப்பு இல்லை என்றால் சிஜியில் மட்டும் ஏன்? வியூவரில் காமாவை ஏற்றி, இருண்ட பகுதிகளை வெளுக்க வைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

ப்ரீமல்டிப்ளை

சிஜியின் நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் (எங்கே எவ்வளவு ஒளிபுகாது என்று சொல்லும் சேனல்) பெருக்கப்பட்டிருந்தால் அதுதான் ப்ரீமல்டிப்ளை. நிறம் திருத்தும் முன் ஆல்ஃபாவால் வகுங்கள், திருத்தியபின் பெருக்குங்கள். பொருளைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நான் ஒரு காலத்தில் ஓரத்தை பிளர் செய்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

மோஷன் பிளர்

24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 விநாடி ஒளி வாங்கியிருக்கும். சிஜியின் அசைவு மங்கலும் அதற்குப் பொருந்த வேண்டும். ஊகிக்காதீர்கள், எடுத்தவரிடம் கேளுங்கள்.

கிரெயின்

சிஜிக்கு மட்டும், கடைசியில். நீல சேனலில் பெரும்பாலும் நாய்ஸ் அதிகம் இருக்கும். மூன்று சேனலுக்கும் ஒரே அளவு போடாமல் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

லைட் ரேப்

பின்னணியின் வெளிச்சத்தைப் பொருளின் ஓரத்தில் கசியவிடுவது இது. போட்டதைப் பாதியாகக் குறையுங்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம்.