கட்டிய ஃபீஸுக்கு முழுப் பலன்: முதலாமாண்டு மாணவர்களுக்கு

முதலில் ஒரு கணக்கு. நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆண்டு ஃபீஸ், பஸ், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய் என்று வைப்போம். செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி நேரம்: ஆண்டுக்கு 900 மணி நேரம். ஒரு வகுப்பு 60 ரூபாய், ஒரு நாள் 300 ரூபாய். வீட்டில் நெல் விற்ற காசோ நகை அடகுக் காசோ, வகுப்புக்குப் போனால்தான் அது படிப்பாகும்.

அடுத்தது அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் என்றால் 90 நாளில் 68 நாள் இருந்தாக வேண்டும். கையில் 22 நாள்தான் மிச்சம். இதை ஜூலையிலேயே செலவழிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. காவிரி டெல்டாவில் லீவு தேவைப்படுவது பிறகுதான். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் சேர்ந்து வரும். அடுத்த செமஸ்டரில் தை மாதம் சம்பா அறுவடை. வயல் வேலைக்கு 8 நாள், காய்ச்சலுக்கு 6 நாள் என்று ஒதுக்கிவையுங்கள். காலை பஸ்ஸைத் தவறவிட்டு முதல் மணி நேரம் போனாலும் சில கல்லூரிகளில் அரை நாள் போய்விடும். அதை முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை லீவு வேறு விதமான சிக்கல். கலெக்டர் விடுமுறை விட்டால் அட்டெண்டன்ஸ் குறையாது, ஆனால் பாடம் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழையும் நவம்பர் தேர்வும் ஒன்றாக வருவதால் ஐந்தாவது அலகைக் கடைசி வாரத்தில் ஓட்டிவிடுவார்கள். வினாத்தாளோ ஐந்து அலகிலிருந்தும் கேட்கும். எனவே சிலபஸை முதல் நாளே வாங்கி, ஐந்தாவது அலகை செப்டம்பரிலேயே ஒருமுறை நீங்களாகப் படித்துவிடுங்கள். புரியாத இடங்களை மட்டும் குறித்து வைத்து, "ஐயா, இந்த மூணு இடம் புரியல" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். "ஒண்ணுமே புரியல" என்று போனால் அவருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது.

இன்டர்னலை, அதாவது கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்ணை, விடாதீர்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் எழுத்துத் தேர்வுப் பாடத்துக்குப் பொதுவாக இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரி என்றால் இந்தப் பிரிப்பு மாறலாம். அசைன்மென்ட்டைக் கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பே கொடுங்கள். அரியர் விழுந்தால் அதே பாடத்துக்கு மறுபடி தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும்.

புத்தகத்தை உடனே வாங்க வேண்டாம். இரண்டு வாரம் நூலகப் பிரதியிலோ சீனியர் அண்ணன், அக்காவிடம் இரவல் வாங்கியோ படியுங்கள். தினமும் தேவைப்படுவது எது என்று அதற்குள் தெரிந்துவிடும். தமிழோ வரலாறோ படிப்பவர்களுக்குத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது.

உதவித்தொகை விஷயத்தில் அசட்டை வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். பணம் வராமல் போவதற்கு அடிக்கடி காரணம், கணக்கோடு ஆதார் இணைக்கப்படாததுதான். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே பணம் போகும். விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் சேர்ந்து படிப்பது இலவசம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். முதல் செமஸ்டரில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.