பெடல் பைத்தியம் பிடிக்காமல் முதல் பெடல்போர்டை அமைப்பது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரு சின்ன ஆம்பும் வாங்கி, நாலைந்து பாட்டு வாசிக்கத் தெரிந்ததும் அடுத்து எல்லாரும் வந்து நிற்கும் இடம் பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் செருகி, காலால் மிதித்துச் சவுண்டை மாற்றும் சின்னப் பெட்டி. பல பெடல்களை அடுக்கிவைக்கும் பலகைதான் பெடல்போர்டு. ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாளில் காலடியில் பத்துப் பெட்டி, கட்டிலுக்கு அடியில் இன்னும் பத்து என்று ஆகிவிடும். வாசிப்பு மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது. இதற்குப் பெயர்கூட இருக்கிறது. ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990-களில் ஒரு கிட்டார் பத்திரிகையில், கிட்டார் வாங்கிக் குவிப்பதை ஒரு வியாதியாக்கிக் கிண்டலாக எழுதினார். அது பிறகு எல்லாச் சாமான்களுக்கும் பொருந்தும்படி 'கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று மாறி, சுருக்கமாக 'காஸ்' என்று நிலைத்துவிட்டது.

பெடல் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தபால்தலை சேர்ப்பதைப் போல, அதற்காகவே சேர்க்கிறேன் என்று தெரிந்து சேர்ப்பவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 'சவுண்டுக்காகத்தான்' என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு வாங்குவதில்தான் சிக்கல். சவுண்டுக்காக வாங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் பாதிப் பெடல் தேவைப்படாது.

படி 1: இருப்பதை முழுக்கத் திருகிப் பாருங்கள்

ஆம்பில் கெயின் நாபை, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் திருகை, மெதுவாக ஏற்றுங்கள். பலமாக அடித்தால் சத்தம் கரகரக்க வேண்டும், மெல்ல அடித்தால் சுத்தமாக இருக்க வேண்டும், அந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கிட்டாரில் உள்ள வால்யூம் நாபை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள். கரகரப்பு அடங்கி கிளீன் டோன் வரும். மறுபடி 10-க்கு ஏற்றினால் லீட் சவுண்ட். பெடலே இல்லாமல் இரண்டு சவுண்ட் கிடைத்துவிட்டது. டோன் நாபைப் பாதிக்கு இறக்கி நெக் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தப் பட்டைகளில் கழுத்துக்கு அருகில் இருப்பதில்) வாசித்தால் மூன்றாவது. பலர் இந்த நாப்களை 10-லேயே வைத்துவிட்டுத் தொடவே மாட்டார்கள்; கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான்.

அப்புறம் பிக்கப்பின் உயரம். இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூவைத் திருகினால் பிக்கப் மேலே வரும் அல்லது கீழே போகும். கம்பிக்கு அருகில் வந்தால் சத்தம் கூடும், ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து நாதத்தைக் குறைத்துவிடும், சுருதியும் தடுமாறும். கால் திருப்பு, கேட்பது, மறுபடி கால் திருப்பு, அவ்வளவுதான் வேலை. துருப்பிடித்த கம்பியை மாற்றுவது, மெல்லிய பிக்குக்குப் பதில் தடித்த பிக்கில் வாசித்துப் பார்ப்பது, இவையும் இந்தப் படியிலேயே சேர்த்தி.

கேபிளையும் பாருங்கள். சாதாரண கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் கபாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை, இருக்கும். ஆறு மீட்டர் கேபிள், பெடல்களுக்கு இடையே குட்டிக் கேபிள்கள், ஆம்புக்குப் போக இன்னொரு ஆறு மீட்டர் என்று சேரச் சேர மேல் ஸ்தாயி மழுங்கும். 'டோன் மந்தமாக இருக்கிறது, புதுப் பெடல் வேண்டும்' என்று தோன்றும்போது கிட்டாரை நேராக ஒரு சின்னக் கேபிளில் ஆம்பில் செருகிப் பாருங்கள். மந்தம் போய்விட்டால் உங்களுக்கு வேண்டியது ஒரு பஃபர் (நீளக் கேபிளிலும் சிக்னல் மழுங்காமல் தள்ளிவிடும் சின்ன சர்க்யூட்), அல்லது நீளம் குறைந்த கேபிள்.

படி 2: குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், பிராண்ட் பெயர் இல்லாமல்

'சோலோ வாசிக்கும்போது டிரம்ஸைத் தாண்டிக் கேட்கவில்லை.' இது நல்ல வாக்கியம். இதற்குத் தீர்வு ஆம்பில் மிட் நாபைக் கூட்டுவதாக இருக்கலாம், சத்தத்தைத் தூக்கும் ஒரு பூஸ்ட் பெடலாகவும் இருக்கலாம். 'இந்தப் பாட்டில் ஒரு நோட் அடித்தால் மூன்று முறை திரும்பி வருகிறது, அது வேண்டும்.' இதுவும் நல்லது, டிலே, அதாவது எதிரொலிப் பெடல், தேவை. 'எல்லாரும் அதை நல்ல பெடல் என்கிறார்கள்' என்பதில் குறை எதுவும் இல்லை. 'சம்பளம் வந்துவிட்டது' என்பதிலும் இல்லை.

வாக்கியம் எழுத வரவில்லையென்றால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், போய் வாசியுங்கள்.

படி 3: எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் ட்யூனர், சுருதி சேர்க்க. யாரும் ஆசைப்பட்டு வாங்காத பெடல் இது, ஆனால் தினமும் மிதிக்கப் போவது இதைத்தான். கோரஸ், ஃபேசர், ட்ரெமெலோ எல்லாம் சத்தத்தை அலையலையாக அசைக்கும் மாடுலேஷன் குடும்பம். அந்தச் சவுண்ட் உள்ள பாட்டை வாசிக்கும் வரை காத்திருக்கலாம். பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற முழக்கம் தரும் ரிவெர்ப் பெரும்பாலும் ஆம்பிலேயே இருக்கும்.

காசு கரைவதெல்லாம் மிதமானதிலிருந்து முரடு வரை கரகரப்பைத் தரும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என்ற மூன்றில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். கடையில் கிடைத்த முதல் ஃபஸ் பெடல் 1962-ல் வந்த மேஸ்ட்ரோ எஃப்இசட்-1. அதிலிருந்து இன்றுவரை ஆயிரக்கணக்கில் வந்திருந்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1970-களின் கடைசியில் ஐபனேஸ் கொண்டுவந்த பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமரை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னலைப் பெருக்கும் ஒரு ஆப்-ஆம்ப் சிப், அதன் ஃபீட்பேக் பாதையில் அலையின் தலையை மிருதுவாக வெட்டும் டையோடுகள், பேஸைக் கொஞ்சம் வடிகட்டிவிட்டு 700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை மேலே தூக்கும் ஃபில்டர். டிரைவ், டோன், லெவல் என்று மூன்று நாப். இதையே அச்சாக வைத்து, கொஞ்சம் பேஸ் கூட்டி, ஒரு ஸ்விட்ச் சேர்த்து, வேறு வர்ணம் அடித்து எத்தனையோ கம்பெனிகள் விற்கின்றன. நாலு கம்பெனி, நாலு வர்ணம் என்று வாங்கி அடுக்கியவரிடம் இருப்பது ஒரே பெடலின் நாலு சட்டைகள்.

அதனால் இரண்டாவது ஓவர்டிரைவ் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இதன் சர்க்யூட் ஏற்கெனவே இருப்பதன் உறவா? டையோடுகள் அலையை சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு இறக்கி முரட்டுத்தனமாக வெட்டும் ராட் அல்லது பாஸ் டிஎஸ்-1 வகையா, ட்யூப் ஸ்க்ரீமர் வகையா, பிக் மஃப் வகை ஃபஸ்ஸா? உறவு என்றால் விட்டுவிடலாம். பிக் மஃபைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் நடு அலைவரிசை பள்ளமாக இருக்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மலை மாதிரி கேட்கும், இசைக்குழுவோடு சேர்ந்ததும் பேஸுக்கும் சிம்பலுக்கும் நடுவில் காணாமல் போகும். ட்யூப் ஸ்க்ரீமரோ தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், கூட்டத்தில் தனியாகத் தெரியும். எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று பார்த்து எடுங்கள்.

மோகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க க்ளோன் சென்டார் கதை போதும். பில் ஃபினெகன் என்பவர் 1994-லிருந்து கையால் செய்து விற்ற ஓவர்டிரைவ் அது. உள்ளே சர்க்யூட் தெரியாதபடி கறுப்பு எபாக்ஸி ஊற்றி மூடியிருந்தார். ஏறக்குறைய 8,000 பெடல்களோடு நிறுத்திவிட்டார். மூடியிருந்ததால் மர்மம், நிறுத்தியதால் பஞ்சம், இரண்டும் சேர்ந்து பழைய பெடலின் விலை விண்ணுக்குப் போனது. பிறகு எபாக்ஸியைச் சுரண்டிப் பார்த்தவர்கள் சர்க்யூட்டை வரைந்துவிட்டார்கள், இன்று அதன் நகல்கள் ஏராளம். ஃபினெகன் பின்னால் கொண்டுவந்த கேடிஆர் பெடலின் மேலேயே, இந்த அபத்தமான ஆர்ப்பாட்டத்தைக் கிளப்பியது நானல்ல என்ற பொருளில் ஒரு வரி அச்சடித்திருக்கிறார். செய்தவரே அலுத்துப்போன ஒரு பெடலுக்காகத் தூக்கத்தைத் தொலைக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், டிஎஸ்-1 1978-ல் வந்தது, இன்றும் தயாராகிறது, கற்றுக்குட்டிகளின் முதல் பெடலாக விற்கிறது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் மிதித்ததும் அதைத்தான்.

படி 4: காதை நம்பாமல் ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். மனிதக் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு: கொஞ்சம் சத்தம் கூடினால் அதைச் 'சத்தம் கூடியது' என்று உணராமல் 'நன்றாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது' என்று உணரும். பெடலை ஆன் செய்ததும் 'ஆகா' என்று தோன்றுவதில் பெரும் பங்கு இதற்குத்தான்.

செய்ய வேண்டியது இது. வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் லூப்பர் பெடல் ஒன்றை இரவல் வாங்குங்கள். அதை வரிசையில் முதலில் வையுங்கள், கிட்டாரிலிருந்து நேராக. சில நொடிகளுக்கு எளிமையாக ஏதாவது வாசித்து லூப் போடுங்கள். கொஞ்சம் கார்ட், கொஞ்சம் தனி நோட், கொஞ்சம் மெல்ல, கொஞ்சம் பலமாக. இப்போது கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பெடல்களுக்கு முன்னால் உட்காருங்கள். லூப் ஓடிக்கொண்டே இருக்கும், கை இரண்டும் நாபைத் திருகக் காலியாக இருக்கும். ஒவ்வொரு பெடலையும் ஆன், ஆஃப் செய்து, இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்வரை லெவல் நாபைத் திருகுங்கள். காதுக்குச் சந்தேகமாக இருந்தால் போனில் சத்தம் அளக்கும் செயலியை ஆம்ப் முன்னால் வையுங்கள். எல்லாம் சமமானதும் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வேறு யாரையாவது பெடலை மாற்றி மாற்றி மிதிக்கச் சொல்லுங்கள். எது எது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால் அந்தப் புதுப் பெடல் உங்களுக்குத் தேவையில்லை. முடிகிறது, ஆனால் எது பிடிக்கிறது என்று தடுமாறுகிறீர்கள் என்றாலும் தேவையில்லை.

யூட்யூப் டெமோவில் இந்தச் சோதனை நடப்பதில்லை. அங்கே நல்ல ஆம்ப், நல்ல மைக், ரெக்கார்டிங்குக்குப் பிறகு கொஞ்சம் ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் திருத்தம்), எல்லாவற்றுக்கும் மேலே இருபது வருடம் வாசித்த ஒரு கை. அந்தக் கையைப் பெடலோடு சேர்த்து அனுப்ப மாட்டார்கள்.

படி 5: கரன்ட் விஷயம்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல, அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். 9 வோல்ட் பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகலாம். மில்லிஆம்ப் கணக்கு வேறு: பெடல் கேட்பதைவிடச் சப்ளை அதிகமாகத் தரக்கூடியதாக இருந்தால் தப்பில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். அனலாக் ஓவர்டிரைவுக்குப் பத்து இருபது மில்லிஆம்ப் போதும். டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் எல்லாம் நூற்றுக்கணக்கில் கேட்கும்.

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போல எல்லாப் பெடலுக்கும் கொடுத்தால் இரைச்சல் வரலாம், அதுவும் டிஜிட்டலும் ஃபஸ்ஸும் ஒன்றாக இருந்தால். மூன்றாவது நான்காவது பெடல் வரும்போது ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாகப் பிரிந்த ஐசொலேட்டட் சப்ளைக்கு மாறுங்கள். இதைப் பற்றி யாரும் பெருமையாகப் படம் போட மாட்டார்கள். ஆனால் ஐந்தாவது ஓவர்டிரைவைவிட உங்கள் சவுண்டைச் சுத்தமாக்குவது இதுதான்.

படி 6: வரிசை

ட்யூனர், வா ('வா வா' என்று குரல் போல ஒலிக்கவைக்கும் மிதி), கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), ஓவர்டிரைவ், மாடுலேஷன், டிலே, ரிவெர்ப். இதில் ஆரம்பித்து இஷ்டப்படி மாற்றலாம், எதுவும் வெடிக்காது. ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பழைய வகை ஃபஸ் மட்டும் கிட்டாருக்கு நேர் அடுத்து இருக்க ஆசைப்படும். முன்னால் பஃபர் வந்தால் அதன் குணம் கெட்டுவிடும், ட்யூனரில் பஃபர் இருந்தால் அதையும் பின்னால் தள்ளுங்கள். டிலே நேரத்துக்கு 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால்) வகுங்கள்: 120 டெம்போ என்றால் 500 மில்லிசெகண்ட், ஒரு தட்டுக்கு ஒரு எதிரொலி. அதில் முக்கால், அதாவது 375 வைத்தால் யூ2 குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ் வாசிக்கும் அந்தத் தாவும் டிலே.

படி 7: வாங்கும் ஆசை வரும்போது

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பதைப் பெடலுக்கு அப்படியே பயன்படுத்தலாம். பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள், முப்பது நாள் கழித்துப் படி 2-ன் வாக்கியத்தோடு சேர்த்துப் படியுங்கள். இடையில் அந்தப் பெடலின் டெமோவைப் பார்க்காதீர்கள், அது மோகத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவைக்கும். பல பெயர்களைப் படித்தால் இது எதற்கு எழுதினோம் என்றே தோன்றும். முப்பது நாள் கழித்தும் வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். பிடிக்கவில்லையென்றால் பெரிய நஷ்டமில்லாமல் விற்றுவிடலாம். வாங்கும்போது நாபைத் திருகினால் கரகரவென்கிறதா, ஸ்விட்ச் ஒரே மிதியில் வேலை செய்கிறதா, ஜாக் ஆடுகிறதா, பேட்டரி அறையில் கசிந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். லிமிடெட் எடிஷன் என்று வேறு வர்ணத்தில் வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், உள்ளே அதே சர்க்யூட்.

படி 8: ஏற்கெனவே குவிந்துவிட்டவர்களுக்கு

போர்டிலிருந்து எல்லாவற்றையும் பிய்த்து எடுங்கள், வெல்க்ரோ உட்பட. நாபெல்லாம் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரை நேராக ஆம்பில் செருகி நீங்கள் உண்மையிலேயே வாசிக்கும் பாட்டுகளை வரிசையாக வாசியுங்கள். ஒரு பாட்டு ஒரு பெடலைக் கேட்டால் மட்டும் அது போர்டுக்குத் திரும்பலாம். 'என்றாவது தேவைப்படும்' என்பது பாட்டு அல்ல. வெளியே இருப்பவற்றை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி, ஒரு சில மாதம் கழித்தும் திறக்காமல் இருந்தால் விற்றுவிடுங்கள். விற்கும்போது எத்தனை வோல்ட், நடு முனை எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெடலின் அடியில் ஒட்டுங்கள். வாங்கியவர் தப்பான அடாப்டரைச் செருகி எரித்துவிட்டு, ஓட்டைப் பெடலைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று உங்களிடம் சண்டைக்கு வரக்கூடாது.