காரைப் படம்பிடிக்கும்போது கண்ணில் படாத தவறுகள்

பார்த்துப் பார்த்துக் கழுவித் துடைத்து நிறுத்திய காரைப் படம் எடுத்தபின், நேரில் இருந்த மிடுக்கில் பாதிகூடப் படத்தில் வரவில்லையே என்ற ஏமாற்றம் கார்ப் பிரியர்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒருமுறையேனும் நேர்ந்திருக்கும். பழி வழக்கமாகக் கேமராவின் மேல் விழுகிறது. அடுத்த நாளே புதிய கைப்பேசி அல்லது புதிய லென்ஸ் வாங்கும் பேச்சு தொடங்கிவிடுகிறது. என் அனுபவத்தில், படம் கெடுவதற்கு முதற்காரணம் காரின் உடல் ஒரு பெரிய வளைந்த கண்ணாடி என்பதை மறந்துவிடுவதுதான். வண்ணத்தின் மேல் பூசப்படும் நிறமற்ற மேற்பூச்சு, சுற்றிலும் உள்ள வானம், கட்டடம், மரம், மனிதர் என எதையும் விடாமல் வாங்கித் திருப்பிக் காட்டுகிறது. ஆகவே கார்ப் படம் என்று நாம் சொல்வதில் பாதி கார். மறுபாதி அதைச் சுற்றியுள்ள உலகம்.

இதனால் எல்லாருக்கும் நேரும் பிழை ஒன்று உண்டு. காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள், தங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அழகான மலையடிவாரத்தில் நிற்கும் காரின் கதவில், எதிரே உள்ள குப்பைத்தொட்டியும் மின்கம்பமும் நின்றுகொண்டிருக்கும் இரண்டு வண்டிகளும் துண்டு துண்டாகத் தெரிந்தால், பார்ப்பவரின் கண் காரின் வடிவக் கோட்டைப் பின்தொடர முடியாமல் தடுமாறும். நான் ஒருமுறை கறுப்பு நிறக் காரொன்றைச் சுற்றிச் சுற்றி வந்து நாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் பின்கதவின் நடுவே என் மஞ்சள் சட்டை சூரியகாந்தி பூத்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கார் படம் எடுக்கப் போகும்போது அடர்நிறச் சட்டையைத்தான் அணிகிறேன். காருக்கு எதிர்ப்புறம் வெட்டவெளியோ ஒரே சீரான சுவரோ இருக்குமாறு வண்டியை நிறுத்தினால், அடிவானம் கதவின் நெடுகிலும் ஒற்றைக் கோடாக ஓடும். அந்தக் கோடு வளையும் இடங்களில்தான் வடிவமைப்பாளர் செதுக்கிய வளைவு நம் கண்ணுக்குப் புலப்படுகிறது.

வெளிச்சத்துக்கும் இதே கணக்குதான். உச்சி வெயிலில் பளபளக்கும் கார் நேரில் கண்ணைப் பறிக்கலாம். படத்திலோ பானட்டின் மேல் வெள்ளைத் தீற்றலும், வண்டிக்கு அடியில் கரிய குழியும், இரண்டுக்கும் நடுவே விவரமற்ற பரப்புமே மிஞ்சும். சூரியன் மறைந்த பின் வரும் சுமார் 20 நிமிடங்களில் வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காக மாறிவிடுகிறது. எரியவிட்ட முகப்பு விளக்குகளின் ஒளியும் வானத்தின் ஒளியும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதும் அப்போதுதான். வானம் மூடிய நாளைச் சலித்துக்கொண்டு வீட்டில் கழிப்பவர்கள், கார் படத்துக்கு ஏற்ற மென்மையான வெளிச்சத்தை வீணாக்குகிறார்கள். இருட்டில் கேமராவின் ஃபிளாஷைக் காருக்கு நேராக அடிப்பதை அடியோடு தவிர்த்துவிடலாம். மேற்பூச்சில் எரிந்த வெள்ளைப் புள்ளி விழுவதோடு, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்ட எண் பலகை, படத்தில் வேறு எதையும் பார்க்கவிடாமல் தகதகக்கும்.

லென்ஸின் முன் திருகி மாட்டும் போலரைசர் வடிகட்டி இந்தப் பிரதிபலிப்புகளை அடக்கும் கருவி என்பது பலருக்குத் தெரியும். அதன் எல்லைகள் தெரிந்தவர்கள் குறைவு. கண்ணாடி, மேற்பூச்சு போன்ற உலோகமல்லாத பரப்புகளை ஏறத்தாழ 30 முதல் 40 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். குரோம் பூசிய கிரில்லிலோ பம்பரிலோ அதற்குப் பெரிதாக வேலையில்லை. கதவுக் கண்ணாடிகள் சூடேற்றி விரைவில் குளிர்விக்கப்பட்டவை என்பதால், அவற்றில் உறைந்துள்ள அழுத்தத்தின் தடங்கள் இந்த வடிகட்டியின் வழியே புள்ளிகளாகவோ வண்ணப் பட்டைகளாகவோ தெரியலாம். கண்ணாடி பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. வடிகட்டியைத் திருகித் திருகி எல்லாப் பிரதிபலிப்பையும் துடைத்துவிடுவதும் பிழையே; அப்படிச் செய்தால் பல லட்சம் பெறுமான வண்டி நெகிழி பொம்மைபோல் வந்து நிற்கும்.

அடுத்தது தூரம். கைப்பேசியின் முதன்மைக் கேமரா பழைய ஃபிலிம் கணக்கில் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரையிலான அகலக் கோணம் உடையது. முழுக் காரும் சட்டகத்துக்குள் அடங்கிவிடுகிறதே என்று இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் நின்று எடுக்கும்போது, அருகிலுள்ள விளக்கும் சக்கரமும் ஊதிப் பெருத்து, பின்பாகம் சூம்பிப்போகிறது. பழி லென்ஸைச் சேராது. நாம் நின்ற இடத்தைத்தான் சேரும். எட்டுப் பத்து மீட்டர் பின்வாங்கி, இரண்டு அல்லது மூன்று மடங்கு பெருக்கும் லென்ஸை உண்மையாகவே கொண்ட கைப்பேசியிலோ, 70 முதல் 100 மி.மீ. லென்ஸிலோ எடுத்தால் காரின் அளவு விகிதம் கலையாமல் நிற்கும். உயரத்தையும் கவனிக்க வேண்டும்: நின்ற வாக்கில் கண்மட்டத்திலிருந்து எடுத்தால் கூரைதான் பெரிதாகத் தெரியும், முழங்காலிட்டு முகப்பு விளக்கின் மட்டத்துக்கு இறங்கினால் வண்டிக்கு அதன் கம்பீரம் திரும்பக் கிடைக்கும். முன்பக்கத்து மூலையிலிருந்து எடுக்கும்போது ஸ்டீயரிங்கைக் கேமராவை நோக்கித் திருப்பிவிடும் பழக்கம் மிகப் பரவலானது. அதனால் டயரின் கறுத்த தடமே முன்னால் வந்து நிற்கிறது. கேமராவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் சக்கரத்தின் அலாய் முகம் நம்மைப் பார்க்கும்.

வெள்ளைக் கார் சாம்பலாகவும் கறுப்புக் கார் வெளிறியும் வருவதற்குக் காரணம், கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று எண்ணி வெளிச்சத்தைக் கணக்கிட முனைவதே. வெள்ளைக்குச் சற்றுக் கூட்டியும் கறுப்புக்குச் சற்றுக் குறைத்தும் எடுத்தால் போதும். சிவப்பு வண்டிகளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. படத்தில் சிவப்பு நிறம் அளவு மீறிவிட்டால் பரப்பின் வளைவுகளெல்லாம் ஒரே சாயத் திட்டாகிவிடும்.

ஓடும் காரைப் படம்பிடிப்பவர்கள், வேகமாக ஓடும் பொருளுக்கு வேகமான ஷட்டர், அதாவது ஒளியை மிகக் குறைந்த நேரமே உள்ளே விடும் அமைப்பு, என்று எண்ணி 1/1000 நொடியில் எடுத்து ஏமாறுகிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுழல்கிறது; அந்த ஷட்டர் வேகத்தில் அது ஐந்து பாகையே திரும்பியிருக்கும் என்பதால், நெடுஞ்சாலையில் பாயும் கார் நிறுத்திவைத்ததுபோல் உறைந்துவிடும். 1/60 அல்லது 1/125 நொடியில், காரின் ஓட்டத்தோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பி எடுத்தால் சக்கரம் மங்கிச் சுழல, உடல் தெளிவாக நிற்கும். இந்தக் கணக்கை அறிந்தவர் வேகத்தைத் தேடி உயிரைப் பணயம் வைக்க மாட்டார். மணிக்கு 40 கி.மீ. வேகத்திலேயே 1/30 நொடிக்குள் சக்கரம் அறுபது பாகைக்கு மேல் சுழன்றுவிடுகிறது, பார்ப்பவருக்கு அது பாய்ச்சலாகவே தோன்றும். போக்குவரத்து உள்ள சாலையில், இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு காரின் ஜன்னலிலிருந்து உடலை வெளியே நீட்டி எடுப்பதைத் தவறு என்பதைவிட மடமை என்றே சொல்லலாம். ரயில் தண்டவாளத்தின் மேல் காரை நிறுத்தி எடுப்பதும் அதே வகைதான். காய்ந்த புல்வெளியில் ஓட்டிச் சென்று நிறுத்துவதன் ஆபத்து பலருக்குத் தெரியாது. சூடேறியிருக்கும் புகைபோக்கிக் குழாயும் அதனோடு இணைந்த, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் புல்லைப் பற்றவைக்கப் போதுமானவை.

கண்காட்சி அரங்குக்குள் நுழைந்ததும் இந்தச் சிக்கல்கள் எல்லாம் பல மடங்காகின்றன. கூரையில் நூற்றுக்கணக்கான விளக்குகள், அத்தனையும் பானட்டின் மேல் புள்ளிகளாக விழும். காரைச் சுற்றி ஆள்கூட்டம், அந்தக் கூட்டம் முழுவதும் கதவில் தெரியும். பெரிய கண்காட்சிகள் பொதுமக்களை அனுமதிப்பதற்கு முன் செய்தியாளர்களுக்கென நாள் ஒதுக்குவது வழக்கம். இதழ்களில் வரும் ஆளற்ற படங்கள் அப்போது எடுக்கப்பட்டவை என்பதை அறியாமல், ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் அதே படத்தைத் தேடுவது வீண் முயற்சி. வேலைநாளில், கதவு திறக்கும் முதல் மணி நேரத்தில், தான் மிக விரும்பும் காருக்கு நேராகச் செல்பவருக்கே ஓரளவு இடம் கிடைக்கும். பல அரங்குகளில் முக்காலிக்குத் தடை உண்டு. விதியை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது. முழுக் காரும் கிடைக்காதபோது விளக்கின் உட்புறம், இருக்கைத் தையல், காற்றுத் துளை என நுணுக்கங்களுக்கு இறங்கிவிடுவதே என் வழக்கம். கூட்டத்தால் மறைக்க முடியாதவை அவை.

படத்தில் குறுக்குப் பட்டைகள் ஓடுவதும், எரியும் எல்இடி விளக்கு அணைந்ததுபோல் தெரிவதும் கேமராக் கோளாறு அல்ல. நொடிக்கு 50 சுழற்சி மின்சாரம் உள்ள நாடுகளில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. அங்கே 1/50 அல்லது 1/100 நொடியும், 60 சுழற்சி உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120 நொடியும் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். காரின் எல்இடி விளக்குகளும் வேகமாக அணைந்து எரிபவை என்பதால், அவற்றுக்கும் மெதுவான ஷட்டரே தோது.

பிறர் காரிடம் நடந்துகொள்ளும் முறையில் நேரும் தவறுகள் இன்னும் வருத்தம் தருபவை. இடுப்புப் பட்டையின் கொக்கி, பையின் ஜிப், தோளில் ஆடும் கேமரா ஆகியவை படாமல் குனிவதற்குப் பழக வேண்டும். படத்தில் தூசி தெரிகிறதே என்று கைக்குட்டையால் ஒரு துடைப்புத் துடைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். மேற்பூச்சின் தடிமன் பொதுவாக 50 மைக்ரான் அளவே, அதாவது தலைமயிரின் பருமன்கூட இல்லை. உலர்ந்த தூசியை அதன்மேல் தேய்ப்பது மணல்தாளால் தடவுவதற்கு ஒப்பாகும். 1950 முதல் நடந்துவரும் அமெரிக்காவின் பெபிள் பீச் பழங்கார் விழாவில், விடியற்காலையில் கார்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளிக்கு ஓட்டிவரப்படுவதைப் படம்பிடிக்க ஆர்வலர்கள் இருட்டிலேயே வந்து காத்திருப்பார்கள். இயங்கும் கார், மென்மையான ஒளி, தள்ளி நிற்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் நேரம் அது. 1993-இல் தொடங்கிய இங்கிலாந்தின் குட்வுட் வேகத் திருவிழாவிலும், அரிய கார்கள் ஓடிக்காட்டும் மலைப்பாதையைவிட அவை காத்திருக்கும் கொட்டகைப் பகுதியில்தான் நெருக்கமான படங்கள் கிடைக்கும். உரிமையாளரிடமோ இயந்திரப் பணியாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது அங்கே மரியாதை.

கண்காட்சிப் படங்களில் ஒரு குறை எனக்கு எப்போதும் உறுத்தும். சாய்த்தும் வளைத்தும் நூறு படங்கள் எடுத்தவரிடம், நேர் பக்கவாட்டுப் படம் ஒன்றும், காரின் அருகே வைத்த தகவல் பலகையின் படம் ஒன்றும் இருக்காது. 1956-இல் கிறைஸ்லருக்காக இத்தாலியின் கியா நிறுவனம் கட்டிய நார்ஸ்மன் என்னும் மாதிரிக் கார், அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் ஆந்திரியா டோரியா கப்பலோடு அட்லாண்டிக்கில் மூழ்கிவிட்டது. செய்யப்பட்டது அந்த ஒன்றே ஒன்றுதான். எந்த மேடையிலும் ஏறாத அந்தக் காரின் தோற்றத்தை இன்று நாம் அறிவது சில பழைய படங்களால்தான். மாதிரிக் கார்களில் பல இவ்வாறே, காட்சி முடிந்ததும் உடைக்கப்பட்டோ பூட்டப்பட்டோ போகின்றன.

படங்களைப் பகிரும்போது எண் பலகையை மறைப்பவர்கள், முகப்புக் கண்ணாடியின் கீழ்மூலையில் பல கார்களில் தெரியும் 17 இலக்க அடையாள எண்ணை மறந்துவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒளி ஊடுருவும் தூரிகையால் கறுப்பு அடித்து மறைத்த எண்ணை, வெளிச்சத்தைக் கூட்டியே மீட்டுவிடலாம். திடமான கட்டத்தால் மறைப்பதே சரி. படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கலாம் என்பதால், வீட்டு வாசலில் எடுத்த படத்தை மூலக் கோப்பாக அனுப்பும்முன் அதை நீக்க வேண்டும். புதுக் காரின் சாவியை உயர்த்திப் பிடித்து எடுக்கும் படமும் பாதுகாப்பானதல்ல: படத்தில் தெரியும் வெட்டுகளை வைத்தே உலோகச் சாவியின் நகலைச் செய்ய முடியும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2008-இலேயே காட்டிவிட்டார்கள்.

படக்குறிப்பில் கவனக்குறைவு இருந்தால் ஆர்வலர்கள் மன்னிப்பதில்லை. லம்போர்கினி மியூராவின் அடிச்சட்டகம் மட்டும் 1965-இல் டுரினில் காட்டப்பட்டது. முழுக் கார் வந்தது 1966-இல் ஜெனீவாவில். இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் படத்தின் மதிப்பும் சேர்ந்து குறையும். ஏசி கோப்ராவைப் போல மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட கார்களைக் கண்டால், அசலா நகலா என்று உரிமையாளரிடம் கேட்டறியாமல் ஆண்டையும் மாதிரியையும் அடித்துச் சொல்லக் கூடாது.

கடைசியாக, எடுத்த படத்தை மென்பொருளில் திருத்துவது. வண்ணத்தை அளவுக்கு மீறி ஏற்றினால், தொழிற்சாலை கொடுத்த பெயருள்ள ஒரு நீலம் எந்தக் காரிலும் இல்லாத நீலமாகிவிடும். இப்போது பின்னணியையே மாற்றித்தரும் மென்பொருள்கள் பெருகியிருக்கின்றன. பலர் காரை அடுக்குமாடி வாகன நிறுத்தத்திலிருந்து பனிமலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் பனி பொழிந்துகொண்டிருக்கும். கதவிலோ அந்த நிறுத்தத்தின் தூண்களும் குழல்விளக்குகளும் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.